மதமும் ஆன்மிகமும்: இராமநாதபுரம் வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: ஐயா, வணக்கம். என் கணவர் காலமான பிறகு ஆடி அமாவாசைதோறும் மகனை அழைத்துக்கொண்டு இராமேசுவரம் சென்று, அக்னி தீர்த்தத்தில் முழுகித் தர்ப்பணம் செய்து வந்தோம். சென்னைக்கு வேலைக்குச் சென்றபின் அவன் ஒரு தியான வகுப்பில் சேர்ந்திருக்கிறான். தனக்கு ஆன்மிகத்தில்தான் நாட்டம், மதத்தில் இல்லை என்று சொல்லி இந்த ஆண்டு வர மறுக்கிறான். இரண்டும் வேறா?
(ஒரு தாய், திருப்புல்லாணி)

பதில்: வேறுதான், அம்மா. ஆனால் ஒன்றை விட்டால்தான் மற்றது கிட்டும் என்று உங்கள் மகன் நினைப்பது சரியன்று. மதம் என்பது ஒரு சமூகம் கூடிக் காத்து வருவது. அதற்கு நூல் உண்டு, வழிபாட்டிடம் உண்டு, நாளும் நோன்பும் உண்டு, பிறப்புக்கும் இறப்புக்கும் முறைகள் உண்டு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதற்கென ஒரு கேள்வியும் உண்டு. தான் யார், தன் துன்பத்துக்கு வேர் எது, பிற உயிர்களுக்குத் தான் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்று ஒருவர் தமக்குள் தேடுவதும், அந்தத் தேடலால் அவருடைய நடத்தை மாறுவதும் ஆன்மிகம். தர்ப்பணத்தைப் புரோகிதர் சொல்லித்தரச் செய்யலாம். இந்தத் தேடலை நமக்காக வேறொருவர் செய்து தர முடியாது. நம் அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவுகூட, மனச்சாட்சிச் சுதந்திரத்தை முதலில் சொல்லிவிட்டு, மதத்தை ஏற்று ஒழுகிப் பரப்பும் உரிமையை அதன் பிறகே சொல்கிறது.

இந்த வேறுபாட்டைக் குறித்து உங்கள் ஊருக்கு அருகிலேயே ஒருவர் பேசியிருக்கிறார். சுவாமி விவேகானந்தர் மேலைநாட்டுப் பயணம் முடித்து இலங்கை வழியாகத் திரும்பி, 1897 ஜனவரி 26 அன்று பாம்பனில் கரையிறங்கினார். அவருடைய சிகாகோ பயணத்துக்குத் துணைநின்ற சேதுபதி மன்னர் பாஸ்கரர் அவரை வரவேற்றார். மறுநாள் இராமேசுவரம் கோயிலில் பேசும்போது, ஏழையிடமும் எளியவரிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பவரே உண்மையில் சிவனை வழிபடுகிறார் என்றும், விக்கிரகத்தில் மட்டும் காண்பவருடைய வழிபாடு தொடக்க நிலையில் இருப்பது என்றும் அவர் சொன்னார். அழுக்கு மனத்தோடு கோயிலுக்கு வருபவர் இருக்கும் பாவத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்கிறார் என்றும் எச்சரித்தார். இதை அவர் கோயிலுக்கு வெளியே நின்று கோயிலைச் சாடிச் சொல்லவில்லை; கோயிலிலேயே, வழிபட வந்தவர்களிடமே சொன்னார் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. மதம் அமைத்துக் கொடுத்த இடத்தில் நின்றே ஆன்மிகம் பேச முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி உங்கள் மகனுக்கு. அவர் செல்லும் வகுப்பிலும் கட்டணம், சீருடை, குருவின் படம், ஆண்டு விழா ஆகியவை இருக்கக்கூடும். இருந்தால் அதுவும் ஒரு மதத்தின் தொடக்கமே. அதில் குற்றம் இல்லை, ஆனால் மதத்தை விட்டுவிட்டதாக எண்ணிக்கொள்வதுதான் வேடிக்கை. மேலும், தனியாகத் தேடுபவர் வழி தவறினால் சுட்டிக்காட்ட ஆள் இல்லை. வீட்டில் ஒரு சாவு நேர்ந்தால் வந்து நிற்பவர்கள், பெரும்பாலும் மதமும் ஊரும் சேர்த்து வைத்த மனிதர்கள்தாம். தர்ப்பணத்தில் தந்தை, பாட்டன், முப்பாட்டன் என்று மூன்று தலைமுறையின் பெயரைச் சொல்கிறோம். நான் யார் என்று தியானத்தில் கேட்கும் ஓர் இளைஞர், தாம் தாமாகவே முளைத்துவிடவில்லை என்பதை நினைவுகூரும் இந்தச் செயலை வெறும் சடங்கு என்று ஒதுக்குவது ஏனென்று எனக்கு விளங்கவில்லை.

உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கடலில் முழுகி, கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களிலும் நீராடி முடிக்கும் அவசரத்தில், முன்னால் நிற்கும் முதியவரை முழங்கையால் தள்ளுபவர்களை ஒவ்வோர் அமாவாசையிலும் காணலாம். நீங்கள் அப்படிப்பட்டவர் என்று சொல்லவில்லை. மகன் கண்ணில் பட்டிருப்பது அதுவாக இருக்கலாம். அவரை வற்புறுத்தாதீர்கள். தர்ப்பணம் செய்யாவிட்டாலும் உங்களுடன் துணைக்கு வருமாறு மட்டும் கேளுங்கள்.

கேள்வி: நாங்கள் கத்தோலிக்க மீனவர்கள். என் தம்பிக்குச் சில காலமாக மனநிலை சரியில்லை. ஏர்வாடி தர்காவில் தங்கி வேண்டிக்கொண்டால் குணமாகும் என்கிறார் அம்மா. மற்றொரு மதத்தின் இடத்துக்குச் செல்வது தவறா, அல்லது அதுதான் ஆன்மிகமா?
(வாசகி, தங்கச்சிமடம்)

பதில்: உங்கள் திருச்சபையின் ஒழுங்குக்கு ஏற்றதா என்பதைப் பங்குத்தந்தைதான் சொல்ல வேண்டும். ஒரு மதம் தன் எல்லையை வகுத்துக்கொள்வதில் தவறில்லை. சுல்தான் சையது இப்ராகிம் ஷகீது அடக்கமாகியுள்ள ஏர்வாடிக்கு எல்லா மதத்தவரும் வருகிறார்கள். அது இந்தக் கரையின் பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட. ஆனால் பல வாசல்களில் நேர்ந்துகொள்வது மட்டுமே ஆன்மிகமாகிவிடாது. நேர்த்திக்கடனில் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. துயரத்தில் இருப்பவர் அதைச் செய்வதைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது, அவ்வளவே.

இங்கே அவற்றைவிட முக்கியமானது உங்கள் தம்பியின் உடல்நலம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். தொழுகையும் வேண்டுதலும் தொடரட்டும். அவற்றோடு தம்பியை இராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். மருந்து கொடுப்பது நம்பிக்கைக் குறைவு என்று எவரேனும் சொன்னால் அவரை நம்ப வேண்டாம்.

கேள்வி: கடவுள் நம்பிக்கை இல்லாத எனக்கு ஆன்மிகம் சாத்தியமா?
(வாசகர், தொண்டி)

பதில்: சாத்தியமே. உலகைப் படைத்த கடவுள் என ஒருவரைச் சமணம் ஏற்பதில்லை, பௌத்தமும் ஏற்பதில்லை. ஆயினும் அவற்றுக்குக் கோயில்களும் நூல்களும் நோன்புகளும் துறவியரும் இருக்கிறார்கள். கடவுள் இல்லாமல் மதமே இருக்க முடிகிறது என்றால், தனி ஒருவரின் தேடல் இருக்க முடியாதா என்ன? நம்பிக்கை உள்ளவரைக் கேட்கும் அதே கேள்வியை உங்களையும் கேட்பேன்: அந்தத் தேடலால் உங்கள் வீட்டில் உள்ளவர்களுக்கு உங்களோடு வாழ்வது எளிதாகியிருக்கிறதா?