நுரையீரலுக்குப் பரவிய பிறகும் ஆபரேஷன் உண்டா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 58. இரண்டு வருடம் முன்பு பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து, கீமோவும் முடித்தோம். இப்போது சிடி ஸ்கேனில் வலது நுரையீரலில் இரண்டு சிறு கட்டிகள். டாக்டர் எடுத்துவிடலாம் என்கிறார். சொந்தக்காரர்களோ, ‘பரவினதுல கத்தி வச்சா இன்னும் பரவும்’ என்கிறார்கள். என்ன செய்வது?
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: இந்தக் ‘கத்தி’ பேச்சை மேலூர்க்காரர்களும் சொல்வார்கள், திருமங்கலத்துக்காரர்களும் சொல்வார்கள். கத்தியால் பரவுவதில்லை. குடல் கட்டியிலிருந்து பிரிந்த செல்கள் ரத்தத்தோடு எப்போதோ நுரையீரலுக்குப் போய்விட்டன. ஸ்கேனில் தெரியும் அளவுக்கு வளர இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

அதற்கு முன், அவை புற்றுநோய்தானா? டிபி நிறைய இருக்கும் ஊர் நம்முடையது. புற்றுநோயைத் தேட எடுக்கும் பெட் ஸ்கேனில் டிபி கட்டியும் பளிச்சென்று தெரியும். சந்தேகம் இருந்தால் துளி சதை எடுத்துப் பயாப்சி பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

புற்றுநோய்தான் என்றால், குடலில் திரும்ப வந்திருக்கக் கூடாது. வேறு உறுப்புகளிலும் இருக்கக் கூடாது. மூச்சுப் பரிசோதனை தேற வேண்டும். எல்லாவற்றையும்விட, கட்டிகளை ஒன்றுவிடாமல் எடுக்க முடிய வேண்டும். பாதி எடுத்துப் பாதியை விடுவதென்றால் ஆபரேஷனே வேண்டாம் என்பேன். 1997-இல் வெளியான சர்வதேசப் பதிவேட்டில், நுரையீரலுக்குப் பரவிய கட்டிக்கு ஆபரேஷன் செய்துகொண்ட பலவகைப் புற்றுநோயாளிகள் 5,206 பேர். கட்டி முழுதாக எடுக்கப்பட்டவர்களில் 100-க்கு 36 பேர் ஐந்து வருடம் தாண்டினார்கள். ஆனால் அவர்கள் ஆபரேஷனுக்குத் தோதானவர்கள் என்று பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். பிரிட்டனில் குடல் புற்றுநோயாளிகளிடம் நடந்த சின்ன ஆய்வில், ஆபரேஷன் செய்யாதவர்களும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் நாள் இருந்தார்கள். அதனால் ஆபரேஷன் செய்தால் தீர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். துல்லியக் கதிர்வீச்சு சரிவருமா என்றும் கேளுங்கள்.

ஆபரேஷன் பெரும்பாலும் துளை வழியாகத்தான். வலது நுரையீரலை மட்டும் காற்றிறக்கிச் சுருக்கி, கட்டியைச் சுற்றி ஆப்பு வடிவத்தில் ஸ்டேப்ளர் போட்டு வெட்டுவார்கள். ஸ்பாஞ்ச் போன்ற சதையில் பட்டாணி மாதிரி விரலுக்குத் தட்டுப்படும். அப்புறம் சில நாள் நெஞ்சில் டியூப் இருக்கும். மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்துக் கருவியை உறிஞ்சிப் பழக வேண்டும். அதை இப்போதே வாங்கிக் கொடுங்கள். பீடி பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

டாக்டரிடம் போகும்போது முதல் ஆபரேஷனின் பயாப்சி ரிப்போர்ட்டோடு, பீரோவுக்கு மேலே ஜவுளிக்கடைப் பையில் கிடக்கும் பழைய ஸ்கேன், எக்ஸ்ரே படங்களையும் எடுத்துப் போங்கள். இதே புள்ளிகள் சில வருடம் முன்பும் இதே அளவில் இருந்திருந்தால், கதையே வேறு; அவை புற்றுநோயாக இல்லாமலும் இருக்கலாம்.