முதலில் வாசல், பிறகு சுவர்: ஒலிப்பதிவுக் கூடம் பற்றிய கேள்வி-பதில்

கொளத்தூரிலிருந்து: மொட்டை மாடியில் ஒரு அறை எழுப்பி ஸ்டுடியோவாக வாடகைக்கு விடலாமா? அனுமதி வேண்டுமா?

வேண்டும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 உங்கள் மாடிக்கும் பொருந்தும். வாடகை வாங்கினால் அது வீட்டுப் பயன்பாடும் ஆகாது. செங்கல் இறக்குவதற்கு முன் வரைபடத்தோடு மாநகராட்சி அலுவலகத்துக்குப் போங்கள்.

காசிமேட்டிலிருந்து: தரைக்கு அடியில் கட்டினால் சத்தம் வெளியே போகாதே?

கடல் பக்கத்திலேயே இருக்கிறது. தோண்டாதீர்கள்.

தண்டையார்பேட்டையிலிருந்து: மாடி அறை 10க்கு 10 அடி, உயரமும் 10. ஒரே ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டோம். சுவர், கூரை முழுக்க ஃபோம் ஒட்டப் போகிறோம். முட்டை அட்டையும் போதும் என்கிறார் நண்பர். எது சிறந்தது?

இரண்டும் வேண்டாம். எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கடிதம் மாதாமாதம் வருகிறது. ஃபோம் அறைக்குள் சுற்றுகிற ஒலியை ஓரளவு உறிஞ்சும். சுவரைத் தாண்டிப் போகிற ஒலியை அது தடுக்காது. தடுப்பது எடை. சுவரின் எடையை இரட்டித்தால் சுமார் 5 டெசிபல் கூடுதலாக அடைபடும். முட்டை அட்டைக்கு எடையே இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம் தீ. சாதாரண பாலியூரித்தேன் ஃபோம் பற்றினால் நிமிடங்களில் அறை முழுவதும் கரும்புகை. அதில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரு இசை விடுதியில் 100 பேர் இறந்தார்கள். 2013இல் பிரேசிலின் சாண்டா மரியாவில் 242 பேர். இரண்டு இடத்திலும் மேடை வாணவேடிக்கையின் பொறி, சத்தத்துக்காக ஒட்டியிருந்த ஃபோமில் பற்றியது. உங்கள் அறையில் வாணவேடிக்கை இருக்காது. ஆனால் ஒரே பிளக்கில் நான்கு கருவிகளைச் செருகியிருப்பீர்கள், அது போதும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூடத்தைப் பார்க்க அழைத்தார்கள். பாடகர் அறைக்கதவு உள்நோக்கித் திறந்தது, தாழ்ப்பாள் வெளியே, சுற்றிலும் ஃபோம். உள்ளே பதினைந்து வயதுப் பையன் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தான். நான் பதிவை நிறுத்தச் சொன்னேன். உரிமையாளர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016இன் நான்காம் பகுதியைப் படியுங்கள். வெளியேறும் வாசல் குறைந்தது 1 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம்; கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும்; உள்ளிருப்பவர் சாவி இல்லாமல் திறக்க முடிய வேண்டும். முதலில் வாசல், பிறகு சுவர். ஜன்னலை மறுபடி திறந்து, தடித்த இரட்டைக் கண்ணாடி போட்டு, திறக்கும்படி வையுங்கள். ஒலியை உறிஞ்சுவதற்கு ராக்வுல் (கல்லை உருக்கி இழையாக்கியது) பலகை வாங்குங்கள், கன மீட்டருக்கு 50, 60 கிலோ எடையில். அது எரியாது. மேலே போர்த்துகிற துணியும் தீத்தடுப்புத் துணியாக இருக்கட்டும்.

இன்னொன்று, நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடி என்றால் மூன்று திசையிலும் ஒரே 56 ஹெர்ட்ஸ் அடித்தொனி முழங்கும். ஒரு பக்கத்தையாவது குறையுங்கள்.

வியாசர்பாடியிலிருந்து: பறை, சட்டி மேளம் பதிவு செய்கிறோம். ஒன்பது இஞ்ச் சுவர்தான். இரவில் அக்கம்பக்கத்தார் புகார் சொல்கிறார்கள்.

அவர்கள் சொல்வது நியாயம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. பறை அறைக்குள் எளிதாக 105 தொடும். பூசிய ஒன்பது இஞ்ச் சுவர் 50 போல அடைக்கும். அடித்தொனியில் அதுவும் குறையும். உள்ளே இடைவெளி விட்டு இன்னொரு சுவர் வேண்டும், இரண்டையும் எங்கேயும் ஒட்டாமல். அதுவரை பத்து மணிக்கு மேல் எடிட்டிங் மட்டும் செய்யுங்கள்.

ராயபுரத்திலிருந்து: தாத்தா காலத்து வீடு, மெட்ராஸ் டெரஸ் கூரை. மேல்மாடியில் இரட்டைச் சுவர் எழுப்பலாமா?

கூடாது. தேக்கு உத்திரங்களின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் சேர்ந்து நிற்கிற தளம் அது. 10 அடி உயர ஒன்பது இஞ்ச் சுவர், ஓரடி நீளத்துக்கே 450 கிலோ வரும். கீழ்த்தளத்துக்கு வாருங்கள், அந்தக் காலத்துத் தடித்த சுவர்கள் நீங்கள் காசு கொடுத்தும் வாங்க முடியாத ஒலித்தடுப்பு. அங்கேயும் முதலில் வாசல்.

மணலியிலிருந்து: ஸ்டுடியோவுக்கு எவ்வளவு செலவாகும்?

அளவு இல்லை, எந்த மாடி என்று இல்லை, என்ன வாத்தியம் என்று இல்லை. இவற்றை எழுதி மறுபடி அனுப்புங்கள்.

கொருக்குப்பேட்டையிலிருந்து: சரக்கு ரயில் போகும்போது மைக்கில் உறுமல். சுவரைத் தடிக்க வைத்தும் போகவில்லை.

அது நிலத்தின் வழியே வருகிற அதிர்வு. சுவரால் நிற்காது. ரப்பர் மெத்தைகளின் மேல் தனித் தளம் போட்டு, அதன்மேல் உள்ளறை கட்ட வேண்டும். கட்டமைப்புப் பொறியாளர் எடையைக் கணக்கிட்டுக் கையெழுத்திடாமல் தொடங்காதீர்கள்.

பெரம்பூரிலிருந்து: ஏசி ஓடினால் இரைச்சல், நிறுத்தினால் கால் மணியில் மூச்சு முட்டுகிறது. சுவரில் ஓரடிக்கு ஓரடி துளை போட்டு மின்விசிறி வைக்கலாமா?

மூச்சு முட்டுவது ஏசி நின்றதால் மட்டும் அல்ல. ஸ்பிலிட் ஏசி உள்ளே இருக்கிற காற்றையே சுற்றவிடுகிறது. அது ஓடும்போதும் புதுக்காற்று வருவதில்லை. ஆனால் 100 சதுர அடிச் சுவரில் 1 சதுர அடி நேர்த்துளை போட்டால், 50 டெசிபல் அடைத்த சுவர் 20தான் அடைக்கும். உள்ளே கிளாஸ்வுல் (கண்ணாடி இழைப் பஞ்சு) பதித்த அகலமான குழாயை இரண்டு இடத்தில் வளைத்துக் கொண்டுவாருங்கள். விசிறி வெளிமுனையில் இருக்கட்டும்; காற்று மெதுவாக வரட்டும். உள்காற்று வெளியேறவும் அதேபோல் இன்னொரு குழாய் வேண்டும்.