முடிச்சூர் மனைக்கு முன்பணம் கொடுக்கும் முன்

சென்னை தாம்பரம் பக்கத்து முடிச்சூரில் 1200 சதுர அடி, மேற்குப் பார்த்த மனை, சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அங்கீகாரம் உண்டு, ஏப்ரலில் பார்த்தேன், முன்பணம் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வடகிழக்குப் பருவமழை வரை பொறுங்கள். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் புகுந்த ஊர் அது. அங்கீகாரம் இருப்பதாலேயே தண்ணீர் நிற்காது என்று நம்பிவிடாதீர்கள்.

நல்ல மழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள். தெருமுனை மளிகைக் கடையில் "2015-ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள், சுவரில் கைவைத்தே காட்டுவார்கள். உங்கள் வீட்டுத் தரைமட்டம் அந்த அளவுக்கு மேலே வர வேண்டும். அப்படியானால் லாரி லாரியாக மண் அடிக்கும் செலவையும் மனை விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அடித்த மண் மேல் அஸ்திவாரம் போடவே கூடாது. மண் பரிசோதனை செய்து, கெட்டித் தரை வரை இறக்கச் சொல்லுங்கள்.

தாய்ப்பத்திரம், பட்டா, 30 வருட வில்லங்கச் சான்று எல்லாம் வக்கீல் பார்த்துக்கொள்வார். புலப்படத்தை, அதாவது அந்த சர்வே எண்ணின் நில அளவை வரைபடத்தை, மட்டும் நீங்களே வாங்கிப் பாருங்கள். பக்கத்தில் ஓடையோ வாய்க்காலோ இருந்தால் அதில் தெரியும்.

வீட்டுக்கு வரைபடம் போடும்போது படுக்கையறையை மேற்கில் வைக்காதீர்கள். மாலை வெயிலை வாங்கிய சுவர் ராத்திரியில்தான் அனலை உள்ளே விடும். மாடிப்படியும் குளியலறையும் அந்தப் பக்கம் போகட்டும்.