எரிந்த சுருளும் ஏவுதலும்

அன்புள்ள ஐயா,

சபையில் வாலிபர்களுக்கு வேதபாடம் எடுக்கிறேன். போன மாதம் மாற்கு 16ஆம் அதிகாரம். ஒரு பையன் புதிய மொழிபெயர்ப்பு ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். “9ஆம் வசனத்திலிருந்து 20 வரைக்கும் பழைய பிரதிகளில் இல்லைன்னு அடிக்குறிப்பு போட்டிருக்கே, அப்ப இது தேவ வார்த்தையா இல்லையா?” என்று கேட்டான். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்தபின் எனக்கே தூக்கம் வரவில்லை.

“வேதம் எழுதி முடித்து மேலேயிருந்து இறக்கிவிடப்பட்ட புத்தகம் அல்ல” என்று முன்பு ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஓரிடத்தில் மனிதக் கை பட்டிருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் அப்புறம் எந்த இடத்தில் நிறுத்துவது? ஒன்று பிழை என்றால் எல்லாமே சந்தேகம்தானே? வெளிப்பாடு, தேவ ஏவுதல் என்ற சொற்களுக்கு அதன்பிறகு என்ன அர்த்தம் மிஞ்சும்? என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

பையனை அதட்டி உட்கார வைக்காமல் விட்டீர்களே, அதுவே பெரிய விஷயம். அடிக்குறிப்பு சொல்வது உண்மைதான். அவனிடம் அதை நேராகவே சொல்லிவிடுங்கள்.

நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கையெழுத்து வேதாகமங்களான சீனாய்ப் பிரதி, வத்திக்கான் பிரதி இரண்டிலும் மாற்கு 16:8-உடன் முடிந்துவிடுகிறது. வத்திக்கான் பிரதியின் அந்தப் பக்கத்தைப் படமாகப் பார்த்திருக்கிறேன். பக்கத்துக்கு மூன்று பத்தி. இரண்டாம் பத்தியில் எட்டாம் வசனம் முடிகிறது, கீழே புத்தகத்தின் பெயர். மூன்றாம் பத்தி முழுக்கக் காலி. எழுதப் பதப்படுத்திய தோல் அன்று மலிவான பொருளல்ல. அந்தப் பிரதியின் புதிய ஏற்பாட்டில் ஒரு புத்தகம் முடிந்தால் அடுத்த பத்தியிலேயே அடுத்தது தொடங்குவதுதான் வழக்கம். இங்கே லூக்கா அடுத்த பக்கத்துக்குத் தள்ளிப்போகிறது. வேறொரு முடிவு உண்டு என்று நகலெடுத்தவர் கேள்விப்பட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இடம் விட்டுவைத்தாரோ என்று எனக்குத் தோன்றும். ஏனென்றால் அந்த நீண்ட முடிவும் நேற்று முளைத்ததல்ல. கி.பி. 180 வாக்கிலேயே ஆயர் ஐரேனியஸ் அதன் 19ஆம் வசனத்தை மாற்கு எழுதியதாகவே மேற்கோள் காட்டுகிறார். சபை வரலாற்றை எழுதிய யூசிபியஸுக்கும் இந்த விவகாரம் தெரியும். ஆக, நாம் இன்று அதிர்ச்சியடைகிற பாடபேதத்தை, அதாவது பிரதிக்குப் பிரதி உள்ள வேறுபாட்டை, பார்த்துக்கொண்டேதான் அந்தக் காலத்துச் சபை ஜெபித்தது, பிரசங்கித்தது.

‘ஒன்று பிழையென்றால் எல்லாம் போயிற்று’ என்கிற உங்கள் பயத்துக்கு வருகிறேன். இதற்கும் பழைய வேர் உண்டு, மறைக்கக் கூடாது. பழைய சபைத் தந்தை அகஸ்தீனுக்கே இந்தக் கவலை இருந்தது. வேதத்தில் உண்மைக்கு மாறாக ஏதாவது கண்ணில் பட்டால் பிரதி பிழையாக இருக்கும், அல்லது மொழிபெயர்த்தவர் தவறியிருப்பார், அல்லது எனக்குப் புரியவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன் என, வேதத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோமுக்கு எழுதினார். ஆனால் அதை ஒரு கோட்டைபோல் கட்டி எழுப்பியது பின்னால் வந்த காலம். 1881இல் அமெரிக்க இறையியலாளர்கள் ஹாட்ஜும் வார்ஃபீல்டும் சேர்ந்து எழுதிய கட்டுரை அதில் முக்கியமானது. அடுத்தது வேதத்தில் பிழையில்லை என்று அறிவித்த 1978இன் சிகாகோ அறிக்கை. இரண்டுமே ஒரு நிபந்தனை வைக்கின்றன: பிழையின்மை என்பது மூலப்பிரதிக்கு, அதாவது ஆசிரியர் கையிலிருந்து முதலில் வந்த ஏட்டுக்கு. நகல்களில் தவறு நேர்ந்திருக்கலாம்.

கேட்க நேர்த்தியான வாதம். மூலப்பிரதி ஒன்றுகூட நம்மிடம் இல்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு அதைவிடப் பெரிய சிக்கல் எரேமியா 36ஆம் அதிகாரம்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனால் இந்தக் கேள்வியோடு ஒருமுறை திரும்ப வாசித்துப் பாருங்கள். தீர்க்கதரிசி எரேமியா சொல்லச் சொல்ல, அவருக்காக எழுதுகிற பாருக்கு என்பவன் சுருளில் மையினால் எழுதுகிறான். சுருள் அரண்மனைக்குப் போகிறது. குளிர்காலம், ராஜா யோயாக்கீம் கணப்பின் முன் உட்கார்ந்திருக்கிறான். அரண்மனை ஆள் யெகுதி மூன்று நான்கு பத்தி வாசிக்க வாசிக்க, ராஜா சூரிக்கத்தியால் அதை அறுத்து நெருப்பில் போடுகிறான். சுருள் முழுக்கச் சாம்பல். பிறகு எரேமியா வேறு சுருள் எடுக்கச் சொல்கிறார். பாருக்கு மறுபடி எழுதுகிறான். அதிகாரத்தின் கடைசி வசனம் என்ன சொல்கிறது? எரிந்துபோனதில் இருந்ததெல்லாம் எழுதப்பட்டது, அதோடு அவற்றைப் போன்ற இன்னும் பல வார்த்தைகளும் சேர்க்கப்பட்டன.

இப்போது சொல்லுங்கள், எது மூலப்பிரதி? எரிந்ததா, இரண்டாவதா? ஏவுதல் முதல் சுருளோடு முடிந்ததென்றால் சேர்க்கப்பட்ட வார்த்தைகள் யாருடையவை? கதை இன்னும் இருக்கிறது. எரேமியாவின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு எபிரெய புத்தகத்தைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு சிறியது. ஜாதிகளுக்கு விரோதமான தீர்க்கதரிசனங்கள் எபிரெயத்தில் கடைசிப் பகுதியில் வரும், கிரேக்கத்தில் நடுவிலேயே வந்துவிடும். மொழிபெயர்த்தவர் வெட்டிவிட்டார் என்று நெடுநாள் பலர் நினைத்தார்கள். பிறகு சாக்கடல் ஓரத்துக் கும்ரானில், நான்காம் குகையில் கிடைத்த எபிரெயத் துண்டுகளில் ஒன்று அந்தக் குட்டை வடிவத்தோடு ஒத்துப்போனது. எபிரெயத்திலேயே இரண்டு எரேமியா உலவியிருக்கின்றன. நமக்கு வாய்த்தது வளர்ந்த ஒரு புத்தகம், பல கை பட்ட புத்தகம். இதை யாரோ நாத்திகர் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. சேர்த்தோம் என்று வேதமே வெட்கப்படாமல் எழுதிவைத்திருக்கிறது. நாம்தான் வெட்கப்படுகிறோம்.

பவுலையும் பாருங்கள். 1 கொரிந்தியர் முதல் அதிகாரத்தில், கிறிஸ்புவுக்கும் காயுவுக்கும் தவிர உங்களில் யாருக்கும் நான் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, தேவனுக்கு ஸ்தோத்திரம் என்கிறார். இரண்டு வசனம் தள்ளி, ஆமாம், ஸ்தேவான் வீட்டாருக்கும் கொடுத்தேன் என்கிறார். அப்புறம், வேறு யாருக்காவது கொடுத்தேனா என்று எனக்குத் தெரியாது. கடிதத்தின் கடைசி அதிகாரத்தைப் பார்த்தால், எழுதுகிற சமயத்தில் இதே ஸ்தேவான் பவுலிடம் வந்திருந்தது தெரிகிறது. “அப்ப நாங்க?” என்று பக்கத்திலிருந்து அவரே கேட்டிருப்பாரோ என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன். சொல்வதைத் திருத்திக்கொள்கிற, ஞாபகம் தவறுகிற ஒரு மனுஷன் அப்படியே அங்கே உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு எழுத்தும் பரலோகத்திலிருந்து சொல்லி எழுத வைத்தது என்றால், பரிசுத்த ஆவியானவருக்கு மறதி என்றல்லவா ஆகும்? அதே கடிதம் 7ஆம் அதிகாரத்தில் ‘கர்த்தர் அல்ல, நானே’ என்று தனியாகப் பிரித்தும் சொல்கிறார்.

நீங்கள் உடனே 2 தீமோத்தேயு 3:16-ஐ எடுப்பீர்கள். எடுங்கள். ‘வேதவாக்கியங்களெல்லாம் தேவ ஆவியினால் அருளப்பட்டிருக்கிறது.’ கிரேக்கத்தில் அது ஒரே சொல், ‘தேவன் ஊதிய’ என்பது போல. புதிய ஏற்பாட்டில் இந்த ஓர் இடத்தில் மட்டும்தான் வருகிறது. அதைச் சொன்ன கையோடு அந்த வசனம் எதைப் பேசுகிறது? உபதேசத்துக்கும் சீர்திருத்தலுக்கும் பிரயோஜனம் என்கிறது. பிழையில்லை என்று சொல்ல வாய்ப்பு இருந்தும் பிரயோஜனம் என்றுதான் சொல்கிறது. அடுத்த அதிகாரத்திலேயே, துரோவாவில் கார்ப்புவிடம் விட்டுவந்த மேலங்கியை வரும்போது எடுத்துக்கொண்டுவா என்கிறது. அந்த மேலங்கியும் வேதவாக்கியம்தான். எனக்கு மிகவும் பிடித்த வசனங்களில் அதுவும் ஒன்று.

2 பேதுரு 1:21இல் ‘பரிசுத்த ஆவியினாலே ஏவப்பட்டு’ என்கிற இடத்தில் உள்ள கிரேக்க வினை, சுமந்துகொண்டு போகப்படுவது. அப்போஸ்தலர் 27இல் பவுல் ஏறிய கப்பலைப் புயல் அடித்துக்கொண்டு போகிறதே, அங்கேயும் அதே வினைதான். காற்று கப்பலைக் கொண்டுபோகும்போது கப்பல் கரைந்துவிடுவதில்லை. பலகை கிறீச்சிடுகிறது, ஆட்கள் சரக்கைக் கடலில் எறிகிறார்கள், பதினாலு நாள் சாப்பிடவில்லை. ஏவுதல் என்றால் எனக்கு அந்தக் கப்பல்தான். ‘திட்டமாய் விசாரித்தறிந்த நானும்’ எழுதுவது ‘நலமாய்த் தோன்றிற்று’ என்று லூக்கா தன் சுவிசேஷத்தைத் தொடங்குகிறாரே, விசாரிப்பதும் தோன்றுவதும் அவருடைய வேலை. காற்று வேறு எங்கோ தனியாக வீசவில்லை, அந்த வேலைக்குள்ளேதான் வீசியது.

சரி, வெளிப்பாடு? இங்கேதான் நாம் சொல்லைக் குழப்பிக்கொண்டோம் என்பது என் எண்ணம். கடவுள் தகவல்களை வெளிப்படுத்தினார், அந்தத் தகவல்களின் தொகுப்பு வேதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு தகவல் தப்பானாலும் கணக்கு உதைக்கத்தான் செய்யும். எபிரெயர் நிருபம் வேறு மாதிரி தொடங்குகிறது. பங்குபங்காகவும் வகைவகையாகவும் பேசின தேவன் கடைசியில் குமாரன் மூலமாய்ப் பேசினார். வெளிப்பட்டது ஒரு ஆள். யோவான் 5:39இல் இயேசு வேதவாக்கியங்களைப் பற்றிச் சொல்வதும் அவை ‘என்னைக்குறித்துச் சாட்சிகொடுக்கிறவைகள்’ என்பதே. சாட்சிக்கும் சாட்சி சொல்லப்படுகிறவருக்கும் வித்தியாசம் உண்டு. சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்த் வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். அவரிடம் எனக்கு எல்லாவற்றிலும் உடன்பாடில்லை, இதில் உண்டு.

கத்தோலிக்கர்கள் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த விதம் தனிச் சுவாரசியம். 1962 நவம்பரில், உலகெங்குமுள்ள ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் வெளிப்பாட்டைப் பற்றிய முதல் வரைவை வைத்தார்கள். வேதம், மரபு என்று இரண்டு ஊற்றுகளைப் பேசிய பழைய பாணி வரைவு. அதன் மேல் விவாதத்தை நிறுத்திவிடலாம் என்று 1368 பேர், வேண்டாம் என்று 822 பேர். மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைந்தது. விதிப்படி வரைவு பிழைத்துவிட்டது. ஆனால் மறுநாளே போப் 23ஆம் யோவான் அதை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதச் சொன்னார். மூன்று ஆண்டு அடித்துத் திருத்தி, 1965 நவம்பர் 18இல் நிறைவேறியபோது எதிர்த்தவர்கள் 6 பேர், ஆதரித்தவர்கள் 2344. கடவுள் தம்மையே வெளிப்படுத்துகிறார் என்று அது தொடங்குகிறது. நம் மீட்புக்காக எழுதிவைக்கப்பட்ட உண்மையை வேதம் தவறில்லாமல் கற்பிக்கிறது என்கிறது. இந்த ‘மீட்புக்காக’ என்பதைச் சேர்க்கச் சண்டை நடந்தது. வேதத்தில் வானவியலைத் தேடாதே என்று கலிலியோ 1615இல் கெஞ்சினதும் கிட்டத்தட்ட இதையே. வந்து சேர 350 ஆண்டு.

புராட்டஸ்டண்ட் பக்கமும் இந்த எண்ணம் புதிதில்லை. செவிலித்தாய் குழந்தையிடம் மழலையில் பேசுவதுபோலக் கடவுள் நம்மிடம் பேசுகிறார் என்றார் சீர்திருத்தவாதி கால்வின். மழலையில் இலக்கணப் பிழை பார்க்கிறவனை என்ன சொல்வது?

உங்கள் கடினமான கேள்வி இன்னும் நிற்கிறது: எங்கே நிறுத்துவது? ஒரே எண்ணைச் சொல்லி ‘இதோ இங்கே’ என்று கோடு போட்டுத்தர என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் பிழையின்மைக் கோட்பாடு அந்தக் கோட்டைப் போட்டுத் தந்துவிட்டது என்பதும் உண்மையில்லை. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் அடிமைகளை வைத்திருந்தவர்கள் எபேசியர் 6:5-ஐ எழுத்துக்கு எழுத்து நம்பினார்கள். வசனம் அவர்கள் பக்கம்தான் இருந்தது. அடிமைமுறையை எதிர்த்த கிறிஸ்தவர்கள் யாத்திராகமத்தையும் மலைப்பிரசங்கத்தையும் வைத்து அந்த வசனத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. எது எதை நியாயந்தீர்க்கும் என்று முடிவு செய்தே ஆகவேண்டியிருந்தது. பாபிலோனின் குழந்தைகளைக் கல்லில் மோதுகிறவன் பாக்கியவான் என்கிற சங்கீதத்தை நீங்களும்தானே உபதேசமாகப் போதிப்பதில்லை? அழுகையாக வாசிக்கிறீர்கள். அப்படி வாசிக்க உங்களுக்கு யார் சொல்லித்தந்தது? ‘பூர்வத்தாருக்கு உரைக்கப்பட்டதென்று கேள்விப்பட்டிருக்கிறீர்கள், நான் உங்களுக்குச் சொல்லுகிறேன்’ என்று ஒருவர் பேசியதிலிருந்து வந்த பழக்கம் அது. ஆளுக்கு ஆள் பிடித்ததை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கழித்துவிடும் ஆபத்து இதில் இருக்கிறது. நானே செய்திருக்கிறேன். அதனால்தான் தனியாக வாசிக்காமல் சபையாக உட்கார்ந்து, பிடிக்காத வசனத்தையும் உரக்க வாசிக்க வேண்டியிருக்கிறது.

பையனுக்கு என்ன சொல்வது? அடுத்த வகுப்பில் மாற்கு 16-ஐ மறுபடி எடுங்கள். எட்டாம் வசனத்தோடு நிறுத்திவிடுங்கள். கல்லறையிலிருந்து ஓடிவந்த பெண்கள் பயந்துபோய் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, முடிந்தது. புத்தகத்தை மூடிவைத்து ஒரு நிமிஷம் சும்மா இருங்கள். “அவர்கள் சொல்லவே இல்லையென்றால் நமக்கு எப்படித் தெரியவந்தது?” என்று அவனே கேட்பான். அதற்கப்புறம் அந்தப் பன்னிரண்டு வசனத்தை வாசியுங்கள்.