ஒரு நட்பால் மனத்தில் ஊறிய வெறுப்பு மாறுமா, அல்லது ‘கிரீன் புக்’ காட்டுவது வெறும் சினிமாவா?

‘கிரீன் புக்’ படத்தில் வருவதுபோல் ஒருவரோடு ஒருவர் பழகியதாலேயே வெறுப்பு போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டாருக்குப் பிடிக்காத ஒருவரோடு நெருங்கிப் பழகி, அவர்கள் மனம் மாறுவதற்காக நீங்கள் காத்திருக்கிறீர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. மாறும் என்பதுதான் என் பதில். ஆனால் பழகினால் மட்டும் மாறாது. பழகியவர் ஏதோ ஓர் இடத்தில் மறுத்து நிற்கவும் வேண்டும்.

2018இல் பீட்டர் ஃபாரெலி இயக்கி வெளியான அந்தப் படம், 1962இல் அமெரிக்காவின் தென் மாநிலங்களுக்குக் கச்சேரி செய்யச் சென்ற கறுப்பினப் பியானோ கலைஞர் டான் ஷெர்லியையும், அவருக்குக் கார் ஓட்டிய இத்தாலிய வம்சாவளியினரான டோனி வல்லெலோங்காவையும் பற்றியது. வீட்டுக்கு வேலை செய்ய வந்த கறுப்பினத்தவர் இருவர் குடித்த கண்ணாடித் தம்ளர்களை டோனி குப்பையில் போடுவதும், அவருடைய மனைவி அவற்றை வெளியே எடுப்பதும் படத்தின் தொடக்கத்திலேயே வரும். அதைப் பார்த்தபோது என் நினைவுக்கு வந்தது கோத்தகிரிதான்.

1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட இலட்சக்கணக்கானோரில் என் தாத்தா குடும்பமும் ஒன்று. அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக நீலகிரியில் அரசே தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது. வந்தவர்கள் பேசியது தமிழ்தான், ஆனாலும் இங்கே அவர்கள் ‘சிலோன்காரர்’ ஆனார்கள். என் தந்தை சிறு தேயிலை விவசாயி ஒருவரிடம் ஜீப் ஓட்டி, கொழுந்து மூட்டைகளைத் தொழிற்சாலைக்குக் கொண்டு சேர்த்து வந்தார். அந்த வீட்டில் அவருக்கும் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கும் தனித் தம்ளர்கள், மாட்டுக் கொட்டகைச் சுவரோரம் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். எந்தச் சமூகத்தையும் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. அதனால்தான் அந்த விவசாயியின் பெயரையும் ஊரையும் தவிர்க்கிறேன்.

அந்தப் பெரியவருக்கு இலங்கை வானொலி என்றால் உயிர். அதன் தமிழ் அறிவிப்பாளர்களின் உச்சரிப்பைப் போல் தமிழ்நாட்டில் யாருக்கும் வராது என்று வாய் ஓயாமல் புகழ்வார். அதே வாயால் சிலோன்காரனைத் திண்ணையில் ஏற்றக் கூடாது என்றும் சொல்வார். ஷெர்லியின் வாசிப்புக்குக் கைதட்டிவிட்டு, அவரைத் தங்கள் கழிப்பறையைக்கூடப் பயன்படுத்த விடாத சீமான்களைப் படத்தில் கண்டபோது, இதை மிகைப்படுத்தல் என்று சொல்பவர்கள் எங்கள் மலைக்கு வந்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கொழுந்து அதிகம் வரும் மாதங்களில் தொழிற்சாலை வாசலில் இரவு வெகுநேரம் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். ஜீப்புக்குள் குளிரில் இருவர் மட்டும் இருந்த அப்படியோர் இரவில், என் தந்தை அறிவிப்பாளர்களைப் போலப் பேசிக் காட்டியிருக்கிறார். பெரியவர் கண்ணில் நீர் வரச் சிரித்திருக்கிறார். ஆனால் அவர்களை உண்மையில் நெருங்கச் செய்தது சிரிப்பன்று, எடை மேடைதான். மழைக் காலத்தில் ஈரம் என்று சொல்லி எடையில் கழிப்பார்கள். இலங்கைத் தோட்டத்திலும் பாட்டியின் கூடையில் இப்படித்தான் கழித்தார்கள் என்று என் தந்தை கூறியபோது, தாம் பட்ட அநியாயத்தை இந்தக் குடும்பம் தமக்கு முன்பே பட்டிருக்கிறது என்று பெரியவருக்கு விளங்கியது. அதன்பின் எடை மேடையில் இருவரும் சேர்ந்தே வாதாடினார்கள்.

சில நாள்களில் வீட்டுத் தம்ளரிலேயே என் தந்தைக்குக் காபி வந்தது. இங்கேயே கதையை முடித்திருந்தால் அது நல்ல சினிமாவாக இருந்திருக்கும். ஆனால், ‘நீ வேறு, அவர்கள் வேறு’ என்று பெரியவர் சொன்ன அந்தச் சொல்லை என் தந்தையால் விழுங்க முடியவில்லை. கொட்டகைச் சுவரோரம் தம்ளர் ஏந்தி நின்ற பெண்களில் ஒருவர் என் அத்தை. “அவங்களுக்கும் இதே தம்ளர்னா குடிக்கிறேன் முதலாளி, இல்லேன்னா எனக்கும் வேண்டாம்” என்று பெரியவரிடம் கூறிவிட்டு, அந்தப் பருவம் முழுவதும் அந்த வீட்டில் என் தந்தை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வேலையையும் விடவில்லை, எடை மேடைக்குத் துணையாகப் போவதையும் நிறுத்தவில்லை. பெரியவர் முதலில் அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டு பேசாமலிருந்தார். பிறகு அவருடைய மனைவிதான் ஒருநாள் காலையில் எல்லோருக்கும் ஒரே தட்டில், ஒரே மாதிரித் தம்ளர்களில் காபி கொண்டுவந்தார், பெரியவர் தடுக்கவில்லை.

படத்திலும் இப்படியொரு மறுப்பு உண்டு. அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில், கச்சேரி செய்யவிருக்கும் விடுதியின் உணவுக்கூடத்தில் உட்கார அனுமதிக்காதபோது ஷெர்லி வாசிக்க மறுத்து வெளியேறுவார். டோனியும் அவருடன் கிளம்புவார். எனக்கு அந்தப் படத்தின் உயிர் அந்தக் காட்சியில்தான் இருக்கிறது.

கதை வெள்ளைக்காரரின் பார்வையிலேயே சொல்லப்படுகிறது என்ற குறையை நான் மறுக்கவில்லை. திரைக்கதையை எழுதியவர்களில் டோனியின் மகனும் ஒருவர். ஷெர்லியின் உறவினர்கள் படத்தை ஏற்கவில்லை. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் கிடைத்ததால் அந்தக் குறை நீங்கிவிடாது. ஆனால் இங்கே ஊட்டிக்கும் குன்னூருக்கும் பாட்டு எடுக்க வரும் எத்தனையோ படக்குழுவினர், கூடை சுமக்கும் எங்கள் பெண்களைப் பின்னணியில் நிறுத்திவிட்டுப் போகிறார்களே, யாருடைய பார்வையில் கதை சொல்கிறீர்கள் என்ற இதே கேள்வியை அவர்களிடமும் கேட்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

உங்கள் நண்பரை மட்டும் விதிவிலக்காக உங்கள் வீட்டார் ஏற்றுக்கொண்டால், அதோடு நிறைவடைந்துவிடாதீர்கள். அவருடைய அண்ணன் தம்பிகளும் அதே வாசல் வழியாக உள்ளே வர முடியுமா என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.