33 சதவீதம் + 33 சதவீதம் = 66 ஆகாது

இரண்டு ஆண் பிள்ளைகள், மூன்றாவது கர்ப்பம், 'தம்பி தன்பால் ஈர்ப்புள்ளவனாக இருக்கும் வாய்ப்பு ஒவ்வொரு அண்ணனுக்கும் 33 சதவீதம் கூடும்' என்று படித்துவிட்டுப் பயந்திருக்கிறீர்கள். கூட்டிய விதம்தான் தப்பு, சகோதரி. அது இருக்கும் வாய்ப்பின் மேல் 33 சதவீதம். முதல் மகன் தன்பால் ஈர்ப்புள்ளவனாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதம் என்று வையுங்கள். இரண்டாமவனுக்கு சுமார் 2.7, மூன்றாமவனுக்கு சுமார் 3.5. அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் அப்படி இல்லை. பெண் குழந்தை என்றால் இந்தக் கணக்கே வேறு.

அண்ணன்களோடு வளர்வதால் வருவதா என்றால், இல்லை. 2006-இல் கனடா உளவியலாளர் போகார்ட் பார்த்த தரவில், ஒரே தாய் வயிற்றில் பிறந்த அண்ணன் வேறு வீட்டில் வளர்ந்தாலும் கணக்கில் வந்தான்; தத்து வந்த அண்ணன் கூடவே வளர்ந்தும் வரவில்லை. ஆண் கருவின் ஒய் குரோமோசோம் புரதத்துக்குத் தாயின் உடல் எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது, அது அடுத்து வரும் ஆண் கருவின் மூளை வளர்ச்சியை மாற்றலாம் என்பது இப்போதைய கருதுகோள். என்எல்ஜிஎன்4ஒய் என்ற புரதத்தை வைத்து 2017 இறுதியில் ஒரு சிறிய ஆய்வு வந்தது. முடிந்த கதை இல்லை.

ஆர்எச் நெகட்டிவ் தாய்க்குப் போடும் ஆன்டி-டி ஊசியை இதோடு குழப்பாதீர்கள், அது ரத்தப் பிரிவுக்கானது. டாக்டர் சொல்லியிருந்தால் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தையின் ஈர்ப்பை முன்கூட்டிச் சொல்லும் ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ எதுவும் கிடையாது. இருக்கிறது என்று காசு கேட்டால் ஏமாற்று.