பெல்ட்டில் மூன்று ஓட்டைகள்

கேள்வி: என் கணவருக்கு வயது 57. காசிமேட்டில் ஏலத்துக்கு வரும் மீனை எடை போடுகிற வேலை. ஏப்ரல் தொடக்கத்தில் தெருவில் நடந்த மருத்துவ முகாமில் 68 கிலோ இருந்தார். போன வாரம் துறைமுகத் தராசில் 61. ஆணியைச் சுட்டு பெல்ட்டில் மூன்று ஓட்டை போட்டாயிற்று. முதல் ஓட்டை மே மாதம், மீன்பிடித் தடைக்காலத்திலேயே போட்டது. இரண்டு பிடி சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிட்டது என்று தட்டைத் தள்ளுகிறார். மருந்துக்கடையில் கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். கேட்டால் வேலை அதிகம் என்கிறார். அக்கம்பக்கத்தார் புற்றுநோய் என்கிறார்கள். பரிசோதனைக் கூடம் ஒன்றில் ‘கேன்சர் பேக்கேஜ்’ எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா டாக்டர்?
- பெயர் வேண்டாம், சென்னை-13

பதில்: வேண்டாம் அம்மா. அந்தப் பணத்தை வீட்டில் வையுங்கள். ஆளை வீட்டில் வைக்காதீர்கள்.

ஏழு கிலோ குறைந்திருக்கிறது. தராசு இரண்டும் வேறு. முகாமில் செருப்போடு ஏறியிருப்பார். தாராளமாக இரண்டு கிலோவைத் தள்ளிவிடுகிறேன். மீதி ஐந்து கிலோவே 68-இல் ஏழு சதவீதத்துக்கு மேல் வருகிறது. இளைக்க வேண்டும் என்று எந்த முயற்சியும் செய்யாதவருக்கு ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் 5 சதவீதம் குறைந்தாலே காரணம் தேட வேண்டும் என்பது மருத்துவர்களின் கணக்கு.

வேலை அதிகம் என்பதை நான் ஏற்கவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். வேலை குறைந்த அந்த நாட்களில் இடுப்பு ஏன் சுருங்கியது? கைச்செலவுக்குத் திண்டாட்டம், அரை வயிற்றுச் சாப்பாடு என்றும் இருந்திருக்கலாம். அப்படியானால் படகுகள் மறுபடி கடலுக்குப் போய்க் காசு புழங்க ஆரம்பித்ததும் உடம்பு தேறியிருக்க வேண்டும். தேறவில்லை, மேலும் இரண்டு ஓட்டை விழுந்திருக்கிறது.

அக்கம்பக்கத்தாரின் தீர்ப்பும் அவசரத் தீர்ப்புதான். இப்படி இளைத்து வருபவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் புற்றாக இருப்பதில்லை. சர்க்கரை, தைராய்டு, காசநோய், வயிற்றுப் புண், மன உளைச்சல், ஏன், மெல்ல விடாத சொத்தைப் பல்கூட ஆளை இளைக்க வைக்கும். நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறார் என்று எழுதியிருந்தால் இரவில் எத்தனை முறை சிறுநீருக்கு எழுகிறார் என்று கேட்டிருப்பேன்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண் திரும்பத் திரும்பப் போனது அந்த ‘இரண்டு பிடி’யில்தான். ஐம்பத்தைந்தைத் தாண்டியவருக்கு எடையும் குறைந்து, கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறும் நிறைந்தால், இரைப்பையை உள்ளே பார்த்துவிட வேண்டும். புண்ணாக இருக்கலாம். இரைப்பைப் புற்றாகவும் இருக்கலாம். அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். சென்னை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுகளில் அதுவும் ஒன்று. கேஸ் மாத்திரை இதில் ஒரு சங்கடம். புற்றின் எரிச்சலையும் அது கொஞ்ச நாள் அடக்கி வைக்கும்; தேவலை என்று நாம் நாள் கடத்துவோம். அந்த மாத்திரை அட்டையை டாக்டரிடம் காட்டுங்கள்.

ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம். காலையிலேயே புறநோயாளிச் சீட்டு வாங்கிப் பொது மருத்துவரைப் பாருங்கள். ரத்தப் பரிசோதனைகள், நெஞ்சு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன் எல்லாம் எழுதுவார்கள். குழாய் விட்டு இரைப்பைக்குள் பார்க்கும் எண்டோஸ்கோபி வேண்டுமா என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். ஸ்கேன் சரியாக இருக்கிறது என்றதும் கிளம்பிவிடாதீர்கள். இரைப்பையின் உட்சுவர் அதில் சரியாகத் தெரியாது. எண்டோஸ்கோபிக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டும். தொண்டை மரத்துப்போக மருந்து அடித்து, சுண்டுவிரல் பருமனில் ஒரு குழாயை விழுங்கச் சொல்வார்கள். குமட்டும். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சந்தேகப்பட்ட இடத்தில் துளி சதையைக் கிள்ளி எடுப்பார்கள், அது வலிக்காது.

பேக்கேஜில் ரத்தத்தில் பார்க்கும் புற்று அடையாளங்களான ‘மார்க்கர்’களை நம்பி இந்தக் குழாயைத் தவிர்க்க முடியாது. சி.இ.ஏ. என்று ஒன்று உண்டு. பீடி பிடிப்பவருக்கு நோய் இல்லாமலே கூடியிருக்கும், புற்று உள்ளவருக்கு ஒழுங்காகவும் இருந்து தொலைக்கும்.

இதற்கிடையில் மலம் தார்போலக் கறுத்தாலோ ரத்த வாந்தி எடுத்தாலோ வரிசையில் நிற்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். எல்லாப் பரிசோதனையும் சரியாக வந்தால், மாதம் ஒருமுறை ஒரே தராசில் எடை பார்த்து எழுதி வைத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி டாக்டரிடம் காட்டுங்கள்.

அவர் வர மறுப்பார். புற்று என்று பயமுறுத்த வேண்டாம். ஒன்றுமில்லை என்று பொய்யும் வேண்டாம். கூடையில் ஏழு கிலோ மீன் குறைந்தால் எங்கே போனது என்று கேட்காமல் சீட்டு எழுதுவாரா என்று மட்டும் கேளுங்கள். டாக்டரிடம் போகும்போது அந்த பெல்ட்டையே கட்டிக்கொண்டு வரட்டும். ஓட்டைகளை எந்தெந்த மாதம் போட்டது என்று ஒரு தாளில் எழுதி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்ல மாட்டார்.